முகமூடிக்குள் ஓர் அண்ணன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பசியாறிட்டியா?" என்று கேட்பது அக்காவின் வழக்கம். அன்று அந்தக் கேள்வி வரவில்லை. "மேல வா, உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று நேராக மருமகனின் அறைக்கு அழைத்துப் போனார்.

படிக்கும் மேசைக்கு மேலே, சுவரில் ஒரு படம். இரும்பு முகமூடி அணிந்த ஒரு மனிதர். கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

"எஸ்பிஎம் அட்டவணை ஒட்டுடான்னு இடம் விட்டா, இதை ஒட்டி வெச்சிருக்கான். ராத்திரியில பார்த்தா எனக்கே பயமா இருக்கு லா. நீதான் ரேடியோவுல வேலை செய்யுறியே, இது யாருன்னு சொல்லு."

மருமகன் படிவம் 4 படிக்கிறான். ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றிவிட்டு, "டூம், மாமா. கேள்விப்பட்டதில்லையா?" என்றான். அந்தக் கேள்வியில் என் மேல் கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

கேள்விப்பட்டிருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் கூச்சம். ஊடகவியல் படித்த காலத்தில் விளம்பர உத்திகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சரக்குக் குறைவாக இருப்பவர்கள் வேடம் போட்டு எப்படிக் கவனத்தை இழுக்கிறார்கள் என்பதற்கு இந்த மனிதரைத்தான் எடுத்துக்காட்டாகக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அவருடைய ஒரு பாடலைக்கூட நான் முழுதாகக் கேட்டிருக்கவில்லை.

"அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்று அக்காவிடமிருந்து தப்பித்துக்கொண்டேன். வீடு திரும்பும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். 1999ல் வெளிவந்த அவருடைய முதல் தனி ஆல்பமான 'ஆப்பரேஷன்: டூம்ஸ்டே'யைக் காரில் ஒலிக்கவிட்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் ஆல்பம். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகும், கடைசிப் பாடல்கள் முடியும்வரை வண்டியை விட்டு இறங்க முடியவில்லை.

அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்தான் இந்த வாரப் பத்தி.

இரண்டு சகோதரர்கள்

அந்த முகமூடிக்குள் இருந்தவரின் பெயர் டேனியல் டுமிலே. 1971ல் லண்டனில் பிறந்தவர். தாயார் டிரினிடாட்டைச் சேர்ந்தவர், தந்தை சிம்பாப்வேயைச் சேர்ந்தவர். டேனியல் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. நியூயார்க்கை ஒட்டியுள்ள லாங் ஐலண்டில்தான் அவர் வளர்ந்தார்.

அவருக்கு ஒரு தம்பி. பெயர் டிங்கிலிஸ்வே. இரண்டு வயதுதான் இடைவெளி. அண்ணனுக்கு வார்த்தைகள், தம்பிக்கு இசைத்தட்டுகள். இருவரும் இன்னொரு நண்பரோடு சேர்ந்து 'கேஎம்டி' என்ற ராப் குழுவை நடத்தினார்கள். அண்ணன் தனக்கு 'ஸெவ் லவ் எக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார். தம்பி 'டிஜே சப்ராக்'. 1989ல் 'தர்ட் பேஸ்' என்ற குழுவின் பாடல் ஒன்றில் அண்ணனின் குரல் இடம்பெற்றது. அது கவனம் பெற, எலெக்ட்ரா நிறுவனம் கேஎம்டியை ஒப்பந்தம் செய்தது. 1991ல் 'மிஸ்டர் ஹூட்' என்ற முதல் ஆல்பம் வந்தது.

அந்த ஆல்பத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மிஸ்டர் ஹூட் என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் எந்த நடிகரும் இல்லை. மொழி கற்றுக்கொடுக்கும் பழைய ஒலிப்பதிவில், "இது என்ன விலை? அது எங்கே கிடைக்கும்?" என்ற பாணியில் பேசும் குரலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, அதோடு தாங்கள் உரையாடுவதுபோல் அமைத்திருந்தார்கள். இரண்டு பையன்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் செய்த வேலை அது. அந்தக் காலத்துக் காணொளிகளில் டேனியல் டுமிலேவின் முகத்தைப் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடி போட்ட, சிரித்த முகம். எதையும் மறைக்கவில்லை.

இரண்டாவது ஆல்பம் முடியும் தறுவாயில், 1993 ஏப்ரலில், லாங் ஐலண்டில் ஒரு விரைவுச்சாலையைக் கடக்க முயன்ற தம்பி கார் மோதி இறந்துபோனார். வயது 19. அண்ணனுக்கு 21.

மிச்சமிருந்த வேலையை அண்ணன் தனியாக முடித்தார். அட்டைப்படத்தையும் அவரே வரைந்தார். கறுப்பினத்தவரைக் கேலி செய்வதற்காக அமெரிக்காவில் பல காலம் பயன்படுத்தப்பட்ட ஒரு கேலிச்சித்திர உருவம் தூக்கில் தொங்குவதுபோன்ற படம் அது. அந்தக் கேலியைத்தான் தூக்கில் போடுகிறோம் என்பது அவர் கருத்து. பார்த்த சிலர் அதை நேர்மாறாக எடுத்துக்கொண்டார்கள். சர்ச்சைக்குப் பயந்த நிறுவனம் 1994ல் ஆல்பத்தையும் வெளியிடவில்லை, குழுவையும் கைவிட்டது. தம்பி கடைசியாகச் செய்த வேலை பெட்டிக்குள் போய்விட்டது.

ஓராண்டுக்குள் தம்பி இல்லை, குழு இல்லை, பிழைப்பும் இல்லை. அதன்பின் சில ஆண்டுகள் அவர் எங்கும் தென்படவில்லை. வீடில்லாத நிலைக்கு மிக அருகில் இருந்ததையும், மன்ஹாட்டன் தெருக்களில் அலைந்து பெஞ்சுகளில் படுத்துறங்கியதையும் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

காலுறை மாட்டிய முகம்

90களின் இறுதிப் பகுதி. மன்ஹாட்டனில் 'நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே' என்று ஓர் இடம். யார் வேண்டுமானாலும் மேடையேறிக் கவிதை வாசிக்கலாம், ராப் பாடலாம். அங்கே ஒரு மனிதர் வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். பெண்கள் காலில் அணியும் மெல்லிய நீளமான காலுறையை முகத்தின்மேல் இழுத்து மாட்டியிருந்தார். அது டேனியல் டுமிலேதான். ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயர் மட்டும் போய்விட்டிருந்தது.

புதுப் பெயர், எம்எஃப் டூம். பாடும்போது எம்எஃப் என்பது 'மெட்டல் ஃபேஸ்', அதாவது இரும்பு முகம். இசையமைக்கும்போது அதே எழுத்துகள் 'மெட்டல் ஃபிங்கர்ஸ்', இரும்பு விரல்கள். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதானால் எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாகத்தான் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. நாம் தப்பித்தோம்.

காலுறை பிறகு இரும்பு முகமூடியாக மாறியது. அது மார்வல் சித்திரக்கதைகளில் வரும் டாக்டர் டூம் என்ற வில்லனிடமிருந்து வந்தது. ஸ்டான் லீயும் ஜாக் கெர்பியும் 1962ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையில் அறிமுகப்படுத்திய பாத்திரம். பெரிய அறிவாளி. ஒரு விபத்தில் முகம் சிதைந்துபோக, அதை இரும்புக்குள் மறைத்துக்கொண்டு, தன்னைக் கைவிட்ட உலகத்தைப் பழிவாங்கத் திரும்பி வருபவன். டுமிலே ஏன் இவனைத் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கம் எதுவும் தேவைப்படாது. தவிர, 'டுமிலே' என்ற அவருடைய குடும்பப் பெயரின் தொடக்கத்திலேயே அந்த 'டூம்' ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் என் தொழில்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு டபிள்யூகேசிஆர் என்ற வானொலி நிலையம் உண்டு. அதில் 1990லிருந்து ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா என்ற இருவர் ஒரு ஹிப்-ஹாப் நிகழ்ச்சி நடத்தினார்கள். நேரம், விடியற்காலை 1 மணி முதல் 5 மணிவரை. நிலைய நிர்வாகி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், "அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?" என்பார். கேட்டார்கள். ஒலிநாடாவில் பதிவு செய்து கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டார்கள். நாஸ், நொட்டோரியஸ் பிஐஜி, ஜே-ஸி, வூ-டாங் கிளான் எல்லோரும் பெரிய பெயராகும் முன்பு அந்த நிகழ்ச்சியின் ஒலிவாங்கி முன்னால் நின்றவர்கள்தாம்.

பாபிட்டோவுக்கு 'ஃபாண்டில் எம்' என்று சொந்தமாக ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனமும் இருந்தது. பெரிய நிறுவனம் கைவிட்ட டூமின் பாடல்களை 1997லிருந்து ஒவ்வொன்றாக வெளியிட்டவர் அவர்தான். அந்தப் பாடல்களும் புதியவையும் சேர்ந்து 1999ல் 'ஆப்பரேஷன்: டூம்ஸ்டே' ஆனது. இரண்டாவது பாடலான 'ரைம்ஸ் லைக் டைம்ஸ்' முடியும் நேரத்தில் ஓர் ஆள் வந்து சம்பந்தா சம்பந்தமில்லாமல் உளறிக்கொண்டே இருப்பார். 'டிஜே குக்கும்பர் ஸ்லைஸ்', வெள்ளரிக்காய்த் துண்டு, என்பது அவர் பெயராம். அது வேறு யாருமில்லை, பாபிட்டோதான். ஒரு வானொலிக்காரருக்கு ஆல்பத்தில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

19 தடங்கள், ஒரு கதை

ஆல்பத்தில் மொத்தம் 19 தடங்கள். இசையில் பெரும்பகுதியை டூமே அமைத்தார். ராப் இசையில் 'சாம்பிள்' என்று ஒன்று உண்டு. பழைய பாடல் ஒன்றிலிருந்து சில விநாடிகளை வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் சுழல விட்டு, அதன்மேல் தாளத்தை ஏற்றுவது. டூம் எடுத்துக்கொண்ட பழைய பாடல்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இருட்டும் மிரட்டலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், அங்கே ஷாடேயின் மென்மையான காதல் பாட்டு இருக்கிறது. குயின்சி ஜோன்ஸுக்காக ஜேம்ஸ் இங்ரம் பாடிய 'ஒன் ஹண்ட்ரட் வேஸ்' இருக்கிறது. ஐசக் ஹேஸ், ஸ்டீலி டேன் இருக்கிறார்கள். நள்ளிரவு நேர மெல்லிசை நிகழ்ச்சியில் நானே போடக்கூடிய பாடல்கள். வில்லனின் குகைக்குள் நுழைந்தால், உள்ளே நம் சித்தப்பாவின் ஒலிநாடாப் பெட்டி திறந்து கிடப்பதுபோல் இருந்தது.

பாடல்களுக்கு இடையிடையே கார்ட்டூன் வசனங்கள் வரும். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொலைக்காட்சித் தொடரிலிருந்து வெட்டி ஒட்டியவை. டாக்டர் டூம் யார், எங்கிருந்து வந்தான், ஏன் முகத்தை மறைத்தான் என்று அந்தக் குரல்கள் பேசிக்கொண்டே போகும். மொழிப் பாட ஒலிப்பதிவை வெட்டி விளையாடிய அதே பழைய வீட்டு விளையாட்டு. இந்த முறை விளையாட ஒருவர்தான் இருந்தார்.

இனி அவர் பாடும் விதம். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்போல, தொண்டையில் சளி கட்டியதுபோல ஒரு கரகரத்த குரல். அவசரமே கிடையாது. ஆனால் அந்தச் சோம்பல் குரலுக்குள் வார்த்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சாதாரணமாக ராப் பாடலில் அடியின் கடைசிச் சொல் மட்டும் ஒத்து வரும். நம் இலக்கணம் அதை இயைபு என்று சொல்லும். டூம் அதோடு விடமாட்டார். அடிக்குள்ளேயே எதுகை, அந்த எதுகைக்குள் இன்னோர் எதுகை, நடுவில் ஒரு சிலேடை. முதல் முறை கேட்கும்போது உளறல் போலிருக்கும். மூன்றாவது முறை கேட்கும்போது, ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாதபடி கட்டியிருக்கிறார் என்பது புரியும். பாதி நேரம் தன்னைப் பற்றி, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல், படர்க்கையில் பேசுவார்.

'டிக், டிக்' என்ற பாடலில் தாளத்தின் வேகமே நிலையாக இல்லை. மெதுவாகும், வேகமாகும், மறுபடி தளரும். பழுதான ஒலிநாடாக் கருவி போல. டூமும், அவருடைய நண்பர் எம்எஃப் கிரிமும் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து தங்கள் வேகத்தை மாற்றிக்கொண்டே பாடுகிறார்கள். கிரிம் 1994ல் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாகிச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். காலடியில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும்போது எப்படி நிற்பது என்று தெரிந்த இருவர் பாடும் பாட்டு அது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது நான் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த காரணத்துக்கு வருகிறேன்.

முதல் தடம் கார்ட்டூன் வசனம். இரண்டாவதுதான் தலைப்புப் பாடலான 'டூம்ஸ்டே'. ஷாடேயின் இசைத் துண்டு சுழல, ஒரு பெண் குரல் இதமாகச் சேர, கேட்பதற்கு மாலை நேரத் தென்றல் மாதிரி இருக்கிறது. அதன் பல்லவியில் அவர் பேசுவது தன் கல்லறையைப் பற்றி. கல்லில் என்ன எழுதியிருக்கும் என்பதைப் பற்றி. தனக்கு முன்னால் போய்விட்ட தம்பி இருக்கும் இடத்தைப் பற்றி. தன் குடும்பப் பெயரான 'டுமிலே'யை அந்த அடியின் எதுகையாகவே வைத்திருக்கிறார். முகத்தை மறைத்தவர், ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே உண்மைப் பெயரைச் சொல்லிவிடுகிறார். நாம்தான் முகமூடியைப் பார்த்துக்கொண்டு, பெயரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அதற்குப்பின் வேடிக்கை, சவடால், கார்ட்டூன், வெள்ளரிக்காய்த் துண்டின் உளறல் எல்லாம் கடந்து 18வது தடம் வருகிறது. அதற்குத் தலைப்பே இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும். க்யூரியஸ் என்ற நண்பரும் அதில் பாடுகிறார். டூமின் பகுதி வரும்போது வில்லன் காணாமல் போகிறான். படர்க்கை முன்னிலையாகிறது. நேராகத் தம்பியிடம் பேசத் தொடங்குகிறார். இரட்டைப் பிள்ளைகள்போல எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ததை நினைவுபடுத்துகிறார். சேர்ந்து தொழுதது, சேர்ந்து வாங்கிய தோல் மேல்சட்டை, தம்பி வாங்கிய கருநீலக் காலணி, தன்னிடம் வண்ண வண்ணமாக இருந்த மூக்குக்கண்ணாடிகளும் தொப்பிகளும். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சாவு வீட்டில் மூன்றாம் நாள், எல்லோரும் போன பிறகு, வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் பேச்சு. அந்தச் சட்டை, அந்தச் செருப்பு. கடைசியில், உன் படம் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன், நாம் திட்டமிட்டபடியேதான் எல்லாம் நடக்கிறது என்கிற பொருளில் தம்பிக்குத் தகவல் சொல்லி முடிக்கிறார்.

அதன்பின் ஒரு சிறு முடிவுரை. ஆல்பம் முடிந்தது.

தொடக்கத்தில் தம்பி. முடிவில் தம்பி. நடுவில் இருக்கும் கோமாளித்தனம் முழுவதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக அவருக்குத் தேவைப்பட்ட தூரம். இதைத்தான் நான் விளம்பர உத்தி என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

ஏன் முகமூடி?

இந்தக் கேள்விக்கு டூம் பேட்டிகளில் சொன்ன பதில் எளிமையானது. ஹிப்-ஹாப்பில் ஆள் எப்படி இருக்கிறான், என்ன போட்டிருக்கிறான் என்பதே முக்கியமாகிவிட்டது, சொல்வதைக் கேட்க ஆளில்லை, முகத்தை எடுத்துவிட்டால் மக்கள் வார்த்தையைக் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. 90களின் இறுதியில் வந்த ராப் காணொளிகளை நினைத்துப் பாருங்கள். பளபளக்கும் உடைகள், நகைகள், கார்கள். அந்த நேரத்தில் ஒருவர் முகமே வேண்டாம் என்று வந்து நின்றார்.

வானொலியில் இருப்பவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. முகம் இல்லாத இடத்தில்தான் நான் சம்பாதிக்கிறேன். காய்ச்சலோடு, அழுத கண்ணோடு, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து நிகழ்ச்சி நடத்தியிருக்கிறேன். ஒலிவாங்கிக்கு அதெல்லாம் தெரியாது. முகத்தோடு சொல்ல முடியாத சிலவற்றைக் குரலால் சொல்லிவிட முடியும். டேனியல் டுமிலே என்ற மனிதரால், சிரித்த முகத்தோடு மேடையேறி, "என் தம்பி இறந்துவிட்டான்" என்று ஒவ்வோர் ஊரிலும் பாடியிருக்க முடியுமா? எனக்குத் தெரிந்து முடியாது. டாக்டர் டூமால் முடிந்தது.

ஆனால், முகமூடியின் இன்னொரு பக்கத்தையும் அக்காவிடம் மறைக்கக் கூடாது. 2000களின் பிற்பகுதியில், டூமின் சில நிகழ்ச்சிகளில் முகமூடிக்குள் வேறு ஆள் இருந்தார். பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்கள், ஒலிப்பதிவுக்கு யாரோ ஒருவர் வாயசைப்பதைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். டூம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாத்திரத்தை எழுதியவனும் இயக்குபவனும் நான்தான், யாரை நடிக்க வைப்பது என்பது என் விருப்பம் என்ற பொருளில் விளக்கம் தந்தார். சித்திரக்கதையில் டாக்டர் டூமுக்கும் அவனைப் போலவே தோன்றும் இயந்திரப் பிரதிகள் உண்டு என்று ரசிகர்கள் சிலர் அதையும் ரசித்தார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரலை என்று சொல்லிவிட்டுப் பதிவை ஒலிபரப்பினால் என் நேயர் என்னை மன்னிக்க மாட்டார். மன்னிக்கவும் கூடாது. வார்த்தையைக் கேளுங்கள் என்பதற்காக முகத்தை மறைத்தவர், வார்த்தையும் தன்னுடையதாக இல்லாத மேடைக்கு ஆளை அனுப்பியது, அவரே சொன்ன நியாயத்தை அவரே உடைத்த செயல். மேதைகளின் கிறுக்குத்தனம் எல்லாவற்றுக்கும் நாம் கைதட்ட வேண்டியதில்லை.

கடைசி ஆண்டுகள்

இந்த ஆல்பத்துக்குப் பின் டூம் பல பெயர்களில் வந்தார். 2003ல் 'கிங் கிடோரா' என்று மூன்று தலை அரக்கனாக ஓர் ஆல்பம், 'விக்டர் வான்' என்று இளைஞனாக இன்னோர் ஆல்பம். 2004ல் மேட்லிப் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து செய்த 'மேட்வில்லனி'யை ஹிப்-ஹாப் வரலாற்றின் சிறந்த ஆல்பங்களில் ஒன்றாகப் பலரும் வைக்கிறார்கள். மருமகனும் அதில் தொடங்கித்தான் பின்னோக்கி வந்திருக்கிறான்.

2010ல் ஐரோப்பாவில் இசைப் பயணம் முடித்துத் திரும்பியபோது அமெரிக்காவுக்குள் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சிறு பிள்ளையாக அங்கே போய், அங்கேயே வளர்ந்து, அங்கேயே தம்பியையும் பறிகொடுத்தவர். ஆனால் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. ஒரு நாட்டில் வாழ்நாள் முழுவதும் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரு காகிதம் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறந்த ஊரான லண்டனில், கொஞ்சக் காலம் குடும்பத்தைப் பிரிந்தும் வாழ்ந்தார்.

2020 அக்டோபர் 31ஆம் தேதி தமது 49வது வயதில் காலமானார். அங்கெல்லாம் பிள்ளைகள் முகமூடி அணிந்து வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் நாள் அது. உலகத்துக்கு அந்தச் செய்தி தெரிந்தது டிசம்பர் 31ஆம் தேதி, அவர் மனைவி அறிவித்தபோதுதான். இரண்டு மாதம், முகமூடிக்குள் ஆள் இல்லை என்பது ரசிகர்கள் யாருக்கும் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்த ஆல்பத்தைப் பிள்ளைகளோடு காரில் கேட்கலாமா? சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். கெட்ட வார்த்தைகள் உண்டு, மது, போதை பற்றிய பேச்சும் உண்டு. அதை மறைத்து உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பதின்ம வயதுப் பிள்ளை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தால், காதிலிருந்து பிடுங்குவதற்கு முன்னால் ஒரு பக்கத்தை வாங்கி நீங்களும் கேளுங்கள். 'டூம்ஸ்டே'யில் தொடங்குங்கள். கேள்விக்குறிப் பாட்டில் முடியுங்கள். எதற்காக இது உனக்குப் பிடிக்கிறது என்று அதன்பின் கேட்டால், பதில் வர வாய்ப்பிருக்கிறது.

நான் மருமகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவரு அழுறாரு மாமா. ஆனா யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி அழுறாரு" என்றான். 16 வயதுப் பையன். என் கட்டுரைக்கு மதிப்பெண் போட்டவர் இவனுக்கு என்ன போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி கிள்ளானுக்குப் போனேன். அக்கா கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். லண்டன், நியூயார்க், சித்திரக்கதை வில்லன், வானொலி நிகழ்ச்சி எதற்கும் அவர் தலை நிமிரவில்லை. விரைவுச்சாலையைச் சொன்னபோது மட்டும் கத்தி நின்றது.

"அந்தத் தம்பிக்கு எத்தன வயசு?"

"பத்தொம்பது, அக்கா."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், அந்த அட்டவணையை வேற சுவத்துல ஒட்டிக்கோ."